நீல எல்.இ.டி. நிலா வெளிச்சம்: இரண்டாவது செட்டும் அணைந்துவிட்டது, தவறு எங்கே?

கோத்தகிரி_தொட்டி:

வணக்கம். டீ பேக்டரியில் வேலை பார்க்கிறேன். வீடு வந்து சேர இரவு ஒன்பதரை ஆகிவிடும். அதற்குள் மகள் மீன் தொட்டியின் பெரிய விளக்கை அணைத்துவிடுவாள். மீனுக்கும் ஓய்வு வேண்டும், அவள் செய்வது சரிதான். ஆனால் படுக்கும் முன் பத்து நிமிடமாவது தொட்டி முன்னால் உட்காராவிட்டால் எனக்கு நாள் முடிந்த மாதிரியே இருக்காது. அதற்காகத்தான் நிலா வெளிச்சம் மாதிரி நீல எல்.இ.டி. போட்டேன்.

தொட்டி 2 அடி, சுமார் 60 லிட்டர். மீன்கள் ஏஞ்சல் ஒரு ஜோடி, கோரி நான்கு. 100 வாட் ஹீட்டர், தண்ணீர் 25 டிகிரி. இப்போது ஐப்பசி மழை, இரவில் வீட்டுக்குள்ளேயே 14 டிகிரிதான்.

5 எம்.எம். நீல எல்.இ.டி. மூன்றைத் தொடராக இணைத்து, கரண்ட்டைக் கட்டுப்படுத்த ஒரு 120 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் போட்டிருந்தேன். வீட்டில் கிடந்த பழைய டேப் ரெக்கார்டரின் 12 வோல்ட் அடாப்டர். மூடியின் அடிப்பக்கம், தண்ணீருக்கு மேலே நாலு விரல் உயரத்தில் குளூ கன்னால் ஒட்டினேன்.

முதல் வாரம் பளிச்சென்று எரிந்தது. இரண்டாவது வாரம் மங்கி, ஒரு நாள் மூன்றும் சேர்ந்து அணைந்துவிட்டன. புதிதாக மூன்று வாங்கி அதே மாதிரி செய்தேன். ஒன்பதே நாள். கழற்றிப் பார்த்தால் கால்களில் பச்சை பிடித்திருக்கிறது, குளூவும் பாதி பெயர்ந்து தொங்குகிறது. ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகள் பழுப்பாகிவிட்டன. நம் ஊர் ஈரம்தான் காரணமா? மூன்றாவது தடவை செய்யும் முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

கொடை_ஏஞ்சல்:

ஈரம் என்றுதான் எனக்கும் படுகிறது அண்ணா. கொடைக்கானலில் எனக்கும் இதே பாடு. தண்ணீர் 25, அறை 14 என்றால் ஆவி மேலே போய் மூடியில் பட்டவுடன் துளியாகிவிடும். நீங்கள் எல்.இ.டி.யை ஒட்டியிருப்பது அந்தத் துளி நிற்கிற அதே இடத்தில். சமவெளியில் தொட்டிக்கும் அறைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்காது, அவர்கள் சொல்லும் முறை இங்கே எடுபடாது.

தண்ணீருக்கு மேல் ஒரு கவர் கண்ணாடி போட்டு, அதற்கு மேலே எல்.இ.டி.யை வையுங்கள். ஆவி கண்ணாடிக்குக் கீழேயே நின்றுவிடும், வெளிச்சம் மட்டும் உள்ளே போகும். கால்களுக்கு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள். குளூ கன் ஈரக் கண்ணாடியில் நிற்கவே நிற்காது. அதற்குப் பதில் வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கோனைச் செப்புக் கம்பியின் மேல் நேரடியாகப் பூசிவிடாதீர்கள். அது காயும்போது வருகிற அமிலம் செப்பை அரிக்கும்.

சால்டர்_குன்னூர்:

மேலே சொன்னது எல்லாம் சரி, கண்ணாடிக்கு மேலேதான் வைக்க வேண்டும். ஆனால் இரண்டு செட் போனதற்கு ஈரம் மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். என் கண் அந்தப் பழுப்பான ரெசிஸ்டரில்தான் நிற்கிறது.

உங்கள் கணக்கு சரி. நீல எல்.இ.டி. ஒன்றுக்கு 3.2 வோல்ட், மூன்றுக்கு 9.6. மீதி 2.4 வோல்ட்டை 120 ஓமால் வகுத்தால் 20 மில்லி ஆம்பியர். அந்த ரெசிஸ்டரில் விழுவது 0.05 வாட்கூட இல்லை. கால் வாட் ரெசிஸ்டர் அதற்கு வெதுவெதுப்பாகக்கூட ஆகக்கூடாது. உங்களுடையது கோடு பழுப்பாகும் வரை வெந்திருக்கிறது. அப்படியானால் உள்ளே போனது 20 மில்லி ஆம்பியர் இல்லை.

அடாப்டர் கையில் எடுத்தால் கனமாக இருக்கிறதா? மல்டிமீட்டர் இருந்தால் எதையும் இணைக்காமல் அதன் முனையில் டி.சி. வோல்ட் அளந்து சொல்லுங்கள்.

கோத்தகிரி_தொட்டி:

நல்ல கனம், செங்கல் துண்டு மாதிரி. பேக்டரி எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வாங்கி வந்து இப்போதுதான் அளந்தேன். 16.8 காட்டுகிறது! மேலே 12 வோல்ட் 500 மில்லி ஆம்பியர் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அடாப்டர் கெட்டுவிட்டதா?

சால்டர்_குன்னூர்:

கெடவில்லை. உள்ளே டிரான்ஸ்பார்மரும் டயோடும் கெப்பாசிட்டரும் மட்டும் உள்ள பழைய வகை அது, வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் கிடையாது. 500 மில்லி ஆம்பியர் இழுத்தால்தான் 12 வோல்ட்டுக்கு இறங்கும். நீங்கள் இழுப்பது அதில் ஒரு துளி, அதனால் வோல்ட் மேலேயே நிற்கிறது.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். 16.8இல் 9.6 போக 7.2. அதை 120ஆல் வகுத்தால் 60 மில்லி ஆம்பியர். நிஜத்தில் கொஞ்சம் குறைந்து 50ஐ ஒட்டி ஓடியிருக்கும். 20க்குச் செய்த எல்.இ.டி. அதில் எத்தனை நாள் தாங்கும்? மங்கி மங்கிப் போனதும் இதனால்தான். தொடரில் ஒன்று அறுந்தால் மூன்றும் அணையும். பச்சை பிடித்தது தனி விஷயம், அதுவும் ஒரு நாள் கொன்றிருக்கும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் இல்லை.

புது அடாப்டர் வாங்க வேண்டாம். அதே அடாப்டருக்கு 120ஐ எடுத்துவிட்டு 1.5 கிலோ ஓம் போடுங்கள். 5 மில்லி ஆம்பியர் வரும், ரெசிஸ்டரும் சுடாது. நிலா வெளிச்சத்துக்கு அது தாராளம். பிறகு ரூட்டருடன் வருகிற லேசான அடாப்டர் எதுவும் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், அது 12 என்றால் 12தான் தரும். அப்போது 1 கிலோ ஓம் போதும்.

இன்னொன்று. எல்.இ.டி. பக்கம் குறைந்த வோல்ட்தான், ஆனால் பிளக் பக்கம் 230. ஒயர் பிளக்குக்கு ஏறும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். ஒயர் வழியே வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும் முன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கொடை_ஏஞ்சல்:

அடாப்டர் விஷயம் எனக்கும் புதிது, நானும் இன்றே அளக்கிறேன்.

அண்ணா, பளிச்சென்று எரிந்தது என்றீர்களே, அப்போது ஏஞ்சல் எப்படி இருந்தது?

கோத்தகிரி_தொட்டி:

கேட்டதும்தான் யோசிக்கிறேன். இரண்டும் பில்டர் பக்கத்து மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரவு முழுக்க எரியவிட்டிருந்தேன். காலையில் தீனி போட்டாலும் மெதுவாகத்தான் வரும். குளிர் என்று நினைத்தேன்.

கொடை_ஏஞ்சல்:

தூக்கம் கெட்டிருக்கும் அண்ணா. மீனுக்குக் கண்ணிமை இல்லை, மூடிக்கொள்ள முடியாது. பௌர்ணமி நிலா வெளிச்சமே கால் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான். நிலா வெளிச்சம் உண்மையில் நீலமும் இல்லை, சூரிய வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான். மங்கலில் நம் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. நீலம் நம் ஆசைக்கு, இருட்டு மீனுக்கு. பெரிய விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் நிலா விளக்கு எரிந்தால் மீன் மிரளாது. பத்தரைக்கு டைமரில் அதுவும் அணையட்டும். இரவெல்லாம் விளக்கு எரிந்தால் மீனுக்கு இராப்பொழுதே இல்லாமல் போகும்.

மூன்று வேண்டுமா என்றும் யோசியுங்கள். ஒரே ஒரு எல்.இ.டி. என்றால்தான் தண்ணீர் அலை மணலில் கோடு கோடாக ஆடும். பல இடத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் அந்த ஆட்டம் கலைந்துவிடும்.

கோத்தகிரி_தொட்டி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சால்டர் அண்ணன் சொன்ன 1.5 கிலோ ஓமை முதலில் மூன்றுக்கும் போட்டேன், அதுவே அதிகமாகத் தெரிந்தது. இரண்டைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்று, ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓம் ஆக்கினேன். மீட்டரில் 3 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. கண்ணாடிக்கு மேலே, கால்களுக்கு ஸ்லீவ், ஒயர் வளைவு எல்லாம் ஆயிற்று. ரெசிஸ்டரைத் தொட்டால் சூடே இல்லை. டைமர் ஒன்பதிலிருந்து பத்தரை வரை.

மணலில் அலை ஆடுகிறது. மகள் நேற்று தூங்காமல் உட்கார்ந்து பார்த்தாள். கோரி நான்கும் வெளியே வந்து மேய்கின்றன. ஏஞ்சல் மூலையை விட்டுவிட்டன, நடுவில் உள்ள செடிப் பக்கம் நிற்கின்றன. காலையில் தீனி டப்பா சத்தம் கேட்டதும் மேலே வந்துவிட்டன.

இருவருக்கும் நன்றி. கழற்றிய இரண்டு எல்.இ.டி.யும் நன்றாக இருக்கின்றன, பக்கத்து வீட்டுப் பையனின் தொட்டிக்கு வைத்திருக்கிறேன். அவன் அடாப்டரை முதலில் அளந்துவிட்டுத்தான்.