சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம்: கிராமத்தில் பிள்ளைகளைப் பார்த்த அனுபவங்கள்

ஒன்பது வருடமாகக் கிராமச் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிறேன். எங்களுக்குச் சொல்லித் தந்தது முக்கியமாக மூன்று நோய்கள்: நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா. பையில் இருப்பவையும் கொஞ்சம்தான். இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது அதில் இருக்கும் கடிகாரம்.

ஒரு ராத்திரி, ஒன்பது மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் பாட்டியும் வந்தார்கள். "வெறும் சளிதாம்மா, மருந்து குடு, போயிடுறோம்" என்றார் பாட்டி. பிள்ளை ஒரே அழுகை. அழும்போது மூச்சை எண்ணினால் கணக்கு தப்பிவிடும். பால் கொடுக்கச் சொன்னேன். இரண்டு வாய் இழுத்தான், விட்டான், மூச்சு வாங்கினான், மறுபடி இழுத்தான். அப்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மடியிலேயே கண் அயர்ந்ததும் சட்டையை மெதுவாக மேலே தூக்கினேன். முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவதெல்லாம் பிள்ளைகளிடம் சரிவராது, சீராக மூச்சு விடமாட்டார்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50-ஐத் தொட்டாலே வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். ஒரு வயதுக்கு மேல், ஐந்து வயது வரை, 40. இவனுக்கு 62. நம்ப முடியாமல் மறுபடி எண்ணினேன், 60. அதைவிடப் பயமாக இருந்தது வேறொன்று. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதற்குப் பதிலாக, விலாவின் அடிப்பக்கம் உள்ளே போய்ப் பள்ளம் விழுந்தது. அப்படி இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அமாக்ஸிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைக் கரைத்து முதல் வேளையைக் கொடுத்துவிட்டு, மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினேன்.

அம்மா எழுந்திருக்கவே இல்லை. மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் சொன்னார், மூத்தவள் வீட்டில் தனியாகத் தூங்குகிறாளாம். பாட்டியை வீட்டுக்கு அனுப்பி, பக்கத்து வீட்டுத் தம்பியை எழுப்பி வண்டி எடுக்கச் சொல்லி, நானும் கூடவே போனேன். முன்பெல்லாம் சீட்டைக் கொடுத்தால் போய்விடுவார்கள் என்று நினைப்பேன். இப்போது துணைக்கு யார், மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது, எதில் போவது, மூன்றையும் கேட்ட பிறகே எழுதுகிறேன்.

பையன் ஊர் திரும்பிய மறுநாள் போய் எண்ணினேன். 38. பாட்டியும் என்னோடு சேர்ந்து எண்ணினார்.

*

மேலே எழுதிய அக்காவுக்கு ஒரு அம்மாவாக நன்றி. என் மகளுக்கு ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கு. குடித்த உப்பு சர்க்கரைக் கரைசலை அப்படியே வாந்தி எடுத்தாள். எங்கள் தன்னார்வலர் பதறவில்லை. "பத்து நிமிஷம் விடுங்க, அப்புறம் கரண்டி கரண்டியா, மெதுவா" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து கொடுக்க வைத்தார். குடிக்கவே முடியாமல் போனாலோ, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு கிடந்தாலோ காத்திருக்கக் கூடாது என்று என்னையே திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

மூன்றாம் நாள் பேதி நின்றது, நானும் அவர் தந்திருந்த ஜிங்க் (துத்தநாகச் சத்து) மாத்திரையை நிறுத்திவிட்டேன். அன்றைக்கே அவர் வந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். பத்தில் ஏழு மாத்திரை அப்படியே இருந்தது. திட்டவில்லை. பேதி நின்ற பிறகும் நிறுத்தாமல், மொத்தம் 10 நாளாவது கொடுத்தால்தான் குடல் தேறும், அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி வராமலும் காக்கும் என்று விளக்கினார். அவர் வராமல் இருந்திருந்தால் அந்த ஏழும் அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

*

நான் சுகாதார நிலையத்தில் செவிலியர். தன்னார்வலர் எழுதி அனுப்பும் "மூச்சு 62, பால் சரியாகக் குடிக்கவில்லை, முதல் வேளை மருந்து கொடுத்தாச்சு" என்ற ஒரு வரி எனக்கு எவ்வளவு உதவி தெரியுமா? வாசலிலேயே முடிவெடுத்துவிடலாம், பிள்ளை வரிசையில் காத்திருக்க வேண்டாம்.

ஒரு ஆதங்கமும் உண்டு. ஒரு சமயம் இரண்டு மாதம் தன்னார்வலர்களுக்கு மருந்தே வரவில்லை. வெறும் பையோடு இருந்த அந்தப் பெண்களிடம் ஊர்க்காரர்கள் போவதை நிறுத்திவிட்டார்கள். மருந்து வந்த பிறகும் பல வாரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதில் ஒருவர் வீடு வீடாகப் போய், "மருந்து வந்திருக்கு, ராத்திரியானாலும் கதவைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.