ஆபிரிக்க விவகாரம் குறித்துக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பொதுக்கூட்டம்: எதை எடுத்துப் பேசுவது?

வினா – வெள்ளவத்தை வாசகன்

வணக்கம். வெள்ளவத்தையில் மாதம் ஒருமுறை கூடும் சிறிய வாசகர் வட்டம் ஒன்றை நானும் நண்பர்கள் சிலரும் நடத்தி வருகிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் என இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். 1963 மே 25 இல் அடிஸ் அபாபாவில் ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவானதை நினைவுகூரும் ஆபிரிக்க தினத்தை ஒட்டி, சென்ற ஆண்டு 'ஆபிரிக்காவின் அபிவிருத்தி' என்ற தலைப்பில் ஒரு பொதுக்கூட்டம் வைத்தோம். அது சரியாக அமையவில்லை.

விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரைகள், பொன்னாடை என்று முதல் ஒரு மணித்தியாலம் கழிந்தது. பின்னர் எழுந்த பேச்சாளர் வறட்சி, பஞ்சம், உள்நாட்டுப் போர், வைரச் சுரங்கம், சீனக் கடன் என அனைத்தையும் தொட்டார், எதிலும் நிற்கவில்லை. எத்தியோப்பியாவில் தொடங்கிய வாக்கியம் நைஜீரியாவில் போய் முடிந்தது. கேள்வி நேரத்தில் ஒரேயொருவர்தான் எழுந்தார். "இவற்றை நாங்கள் ஏன் அறிந்திருக்க வேண்டும்?" என்று கேட்டார். அவர் எரிச்சலோடு கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்டார். மேடையில் இருந்த எங்களில் எவருக்கும் பதில் வரவில்லை.

இவ்வாண்டும் ஒரு கூட்டம் வைக்க விரும்புகிறோம். 1976 ஓகஸ்டில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடந்த அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாட்டை மையமாக வைக்கலாம் என்பது எங்கள் தலைவரின் எண்ணம். அது பழம்பெருமை பேசும் கூட்டமாக முடிந்துவிடும் என்று நான் அஞ்சுகிறேன். அந்த மனிதரின் கேள்விக்குப் பதிலாக அமையக்கூடிய ஒரு பொருளைச் சொல்லுங்கள். எங்களிடம் பெரிய நிதி இல்லை. வெளிநாட்டிலிருந்து யாரையும் வரவழைக்க இயலாது.


மறுமொழி 1 – ஏட்டுக்கணக்கு

நாற்பது ஆண்டுகள் கணக்காய்வுத் துறையில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தலைப்பில்தான் பிழை இருந்தது. ஆபிரிக்க ஒன்றியத்தில் 55 உறுப்பு நாடுகள் உள்ளன; அவை அனைத்துக்கும் பொதுவான 'அபிவிருத்தி' என்று ஒன்று கிடையாது. 'ஆசியாவின் அபிவிருத்தி' என்று ஒருவர் இரண்டு மணித்தியாலம் பேசினால் அதில் இலங்கைக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு நாட்டை அல்ல, ஒரு கேள்வியை எடுங்கள். நான் தரக்கூடிய கேள்வி இது: ஓர் அரசு தன் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலைக்கு வரும்போது, அந்தச் சுமை யாருடைய முதுமைக்காலச் சேமிப்பில் இறங்குகிறது?

இலங்கை 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. கானா அதே ஆண்டு டிசம்பரில் அதே முடிவுக்கு வந்தது. எங்களுக்கு 2023 மார்ச்சிலும் கானாவுக்கு அதே ஆண்டு மே மாதத்திலும் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. இரண்டு நாடுகளுமே வெளிநாட்டுக் கடனோடு உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைத்தன; அதாவது, திருப்பிச் செலுத்தும் தவணையையும் வட்டியையும் மாற்றி அமைத்தன. இதுவரை ஒரே பாதை. இதற்குப் பிறகுதான் உங்கள் கூட்டத்துக்கான விடயம் இருக்கிறது.

கானா அரசு 2022 டிசம்பர் தொடக்கத்தில் உள்நாட்டுப் பிணைமுறிகளை, அதாவது கடன் வாங்குவதற்காக அரசு விற்ற பத்திரங்களை, குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்டவையாக மாற்றும் திட்டத்தை அறிவித்தபோது ஓய்வூதிய நிதியங்களையும் அதில் சேர்த்திருந்தது. தொழிற்சங்கங்கள் டிசம்பர் 27 முதல் வேலைநிறுத்தம் என்று நாள் குறித்தன. அந்த நாள் வருவதற்கு முன்பே அரசு இறங்கிவந்து ஓய்வூதிய நிதியங்களைத் திட்டத்திலிருந்து விலக்கியது. அடுத்து, தங்கள் சேமிப்பைத் தனிப்பட்ட முறையில் பிணைமுறிகளில் இட்டிருந்த ஓய்வூதியர்கள் 2023 பெப்ரவரியில் தலைநகர் அக்ராவில் நிதியமைச்சின் வாசலில் மறியல் இருந்தார்கள். நாட்டின் முன்னாள் பிரதம நீதியரசர் சோபியா அகுஃபோவும் அவர்களோடு வந்து நின்றார். அந்த முதியவர்களுக்கும் விலக்கு கிடைத்தது. நிதியங்கள் அதே ஆண்டின் பிற்பகுதியில் வேறு நிபந்தனைகளின் கீழ் ஒரு மாற்றத்துக்கு உடன்பட்டன என்பதையும் பேச்சாளர் மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லையேல் கதை வெற்றிப் புராணமாகிவிடும்.

இனி எங்கள் பக்கத்தைப் பாருங்கள். 2023 ஜூலை 1 இல் நாடாளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு ஒப்புதல் வழங்கியது. வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகள், அதாவது அரசின் பிணைமுறிகள், தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதியத்துக்கு இரண்டு வழிகள் வைக்கப்பட்டன: ஒன்று, கையிலுள்ள முறிகளைக் கொடுத்துவிட்டு 2026 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளை ஏற்பது, மற்றது, நிதியத்தின் வருமானத்தின் மீது 14 சதவீதமாக இருந்த வரி 30 சதவீதமாக உயர்வதை ஏற்பது. நிதியம் முதல் வழியில் சென்றது. தனியார் துறை ஊழியர்களின் சேமிப்பும், தோட்டத் தொழிலாளியின் சேமிப்பும் அதற்குள் இருக்கிறது. வெள்ளவத்தையில் உங்கள் கூட்டத்துக்கு வருபவர்களில் பாதிப்பேருக்காவது அந்த நிதியத்தில் கணக்கு இருக்கும். கானாவில் நிதியங்கள் முதற் சுற்றில் தப்பியதற்கும் இங்கே அவ்வாறு நடக்காததற்கும் என்ன காரணம்? தொழிற்சங்கங்களின் பலமா, நிதியத்தை யார் நிர்வகிக்கிறார்கள் என்பதா, வங்கிகள் விழுந்துவிடும் என்ற அச்சமா? சேமலாப நிதியத்தை நிர்வகிப்பது மத்திய வங்கி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் மண்டபம் அமைதியாக இராது.

நேரம் இருந்தால் சாம்பியாவையும் சேர்க்கலாம். அது 2020 நவம்பரிலேயே தவணை தவறியது. பிணைமுறி உரிமையாளர்களுடனான மாற்றம் நிறைவேறியது 2024 ஜூனில். எங்களுக்கு அது 2024 டிசம்பரில் முடிந்தது. அதாவது சாம்பியா மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. நாங்கள் மூன்று ஆண்டுகள்கூட ஆகாமல் முடித்தோம். சாம்பியா, ஜி20 நாடுகள் வறிய நாடுகளின் கடனை மறுசீரமைப்பதற்கென வகுத்த பொதுச் சட்டகத்தின் வழியாகச் சென்றது. நடுத்தர வருமான நாடு என்பதால் எங்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை; பிரான்ஸ், இந்தியா, ஜப்பான் ஆகியன இணைத்தலைமை வகித்த குழுவோடு ஒருபுறமும் சீனாவோடு மறுபுறமும் தனித்தனியாகப் பேசினோம். வறிய நாடுகளுக்கென்று கட்டிய பாதை, அதற்கு வெளியே நின்றவர்களின் பாதையைவிட நீண்டதாக அமைந்தது ஏன் என்பது ஒரு தனிக் கூட்டத்துக்கே போதும்.


மறுமொழி 2 – ஹட்டன் பெண்

ஏட்டுக்கணக்கு ஐயா சொன்ன பொருளை நான் மறுக்கவில்லை. ஆனால் பிணைமுறி, வட்டி வீதம் என்று தொடங்கினால் வங்கி ஊழியர்கள் மட்டும் முன்வரிசையில் இருப்பார்கள். நான் ஹட்டனில் பிறந்து கொழும்பில் தேயிலை வியாபாரத்தில் வேலை செய்பவள். எங்கள் அலுவலகத்தில் கென்யா என்ற பெயர் காதில் விழாத கிழமை கிடையாது.

கொழும்பில் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. கென்யாவில் தேயிலை நடப்பட்டதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆயினும் இன்று கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் உலகில் முதலிடம் அவர்களுடையது; மொம்பாசா ஏலத்தில் கென்யத் தேயிலையோடு உகண்டா, ருவாண்டா, புருண்டி நாடுகளின் தேயிலையும் டொலரில் விற்பனையாகிறது. "அவர்கள் மலிவான சி.டி.சி. தூளை (இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் தேயிலை) அள்ளிக் கொட்டுகிறார்கள், நாங்கள் தரமான தேயிலை செய்கிறோம்" என்று இங்கே சொல்லிக்கொள்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு நாங்கள் நிறுத்திக்கொள்வதால், அங்கே கொழுந்து பறிப்பவர் யார் என்ற கேள்வியே எழுவதில்லை.

கென்யாவில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுதோட்டக்காரர்கள் ஒரே அமைப்பின் கீழ் இருக்கிறார்கள். 1964 இல் அரச அதிகார சபையாகத் தொடங்கிய கென்யத் தேயிலை அபிவிருத்தி அமைப்பு, 2000 ஆம் ஆண்டில் அவர்களுடைய சொந்த நிறுவனமாக மாறியது. கொழுந்து கொடுத்தவருக்கு மாதந்தோறும் கிலோவுக்கு ஒரு தொகை கிடைக்கும். ஆண்டு முடிவில், தேயிலை விற்ற விலையைப் பொறுத்து இரண்டாவது கொடுப்பனவு வரும். அதை அவர்கள் போனஸ் என்கிறார்கள். பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணமும் வீட்டுக் கூரையும் அந்தப் பணத்தை நம்பியே இருக்கும். கென்யாவை ஊடறுத்துச் செல்லும் பிளவுப் பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கத்துக்கு அதிகமாகவும் மேற்குப் பக்கத்துக்குக் குறைவாகவும் வருவதால் ஒவ்வோர் ஆண்டும் சண்டையும் உண்டு. இலங்கையிலும் சிற்றுடைமையாளர்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு: விற்பனை விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு. ஆனால் அங்கே தொழிற்சாலையும் விவசாயியுடையது. இங்கே பெரும்பாலும் வேறொருவருடையது.

இந்த இடத்தில் எங்கள் மக்களைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. இலங்கையின் சிற்றுடைமையாளர்களில் பெரும்பாலோர் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர்கள். மலையகத் தமிழர்கள் நிலமில்லாத நாட்கூலிகளாகவே தோட்டத்தில் இருக்கிறார்கள். ஆகவே கென்யாவின் சிறுதோட்டக்காரரோடு எங்கள் தோட்டத் தொழிலாளியை ஒப்பிடுவது பொருந்தாது. மேற்குக் கென்யாவின் கெரிச்சோவில் பெரிய கம்பனித் தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்பவரோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் கெரிச்சோவில் 2023 மே மாதத்தில், கொழுந்து பறிக்கும் இயந்திரங்கள் வேலையைப் பறிக்கின்றன என்று மக்கள் அவற்றைத் தீயிட்டு எரித்தார்கள். எங்கள் மலைகளில் சரிவு அதிகம் என்பதால் இயந்திரம் வராது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களை நான் அறிவேன். கத்தரிக்கோல் போன்ற கைக்கருவிகள் ஏற்கனவே வந்துவிட்டன.

2021 ஐயும் மறவாதீர்கள். அதே ஆண்டில் கென்ய அரசு, மொம்பாசாவில் சிறுதோட்டக்காரரின் தேயிலையைக் கிலோ 2.43 டொலருக்குக் குறைவாக விற்கக்கூடாது என்று விலை நிர்ணயித்தது. இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. அங்கே விற்காத தேயிலை களஞ்சியத்தில் குவிந்தது. இங்கே கொழுந்தே குறைந்தது. இரண்டு முடிவுகளும் பின்னர் கைவிடப்பட்டன. நல்ல எண்ணத்தோடு தலைநகரில் எழுதப்படும் ஓர் உத்தரவு மலையில் என்ன செய்கிறது என்பதை, இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால் மாணவர்களுக்கும் விளங்கும்.


மறுமொழி 3 – நகரத்து மாணவன்

இருவருடைய யோசனைகளும் நன்று. நான் சொல்ல விரும்புவது சிறியது. 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது "நாங்களும் ஆபிரிக்கா போல ஆகிவிட்டோம்" என்று எத்தனை முறை கேட்டிருப்போம்! அதைச் சொன்னவர்களில் எவரும் ஏதேனும் ஒரு நாட்டை எண்ணிச் சொல்லவில்லை. உங்கள் தலைவரின் 1976 யோசனையையும் முழுதாகத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. 1970 இல் அதே அணிசேரா மாநாட்டை நடத்துவதற்காகவே சாம்பியா லுசாக்காவில் முலுங்குஷி மண்டபத்தைக் கட்டியது. எங்கள் ஞாபகார்த்த மண்டபம் சீனாவின் அன்பளிப்பு. அதே ஆண்டுகளில் சீனா சாம்பியாவிலிருந்து தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு 1,860 கிலோமீற்றர் ரயில் பாதை அமைத்துக்கொண்டிருந்தது. சமமாக ஒரே மேடையில் அமர்ந்த இரு நாடுகள் ஐம்பது ஆண்டுகளின் பின் கடன் கொடுத்த அதே தரப்பினரின் முன் நின்றன. இதைப் பத்து நிமிட முன்னுரையாக வைத்தால் தலைவரும் மகிழ்வார்.


மறுமொழி 4 – மண்டபப் பொறுப்பாளர்

நடைமுறைக் குறிப்புகள் சில. நைரோபி எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னே, லுசாக்கா மூன்றரை, அக்ரா ஐந்தரை. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் அக்ராவில் நண்பகல் பன்னிரண்டரை. அங்குள்ள ஒருவரைக் காணொளியில் அழைப்பதற்கு அதைவிட வசதியான நேரம் இல்லை. அவர் ஆங்கிலத்தில் பேசுவதை வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்க முயலாதீர்கள். நேரம் இரட்டிப்பாகும், கேட்பவர் சோர்ந்துபோவார். அவருடைய உரையை முன்கூட்டியே பதிவுசெய்து பெற்று, தமிழில் எழுத்து ஓடவிட்டுத் திரையிடுங்கள். கேள்விகளுக்கு மட்டும் அவர் நேரலையில் வரட்டும். வெசாக் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பந்தலும் தன்சலும் பார்க்கப் போகும் வாகன நெரிசலில் உங்கள் பேச்சாளரே வந்து சேரமாட்டார்.


வினா எழுப்பியவரின் பதில் – வெள்ளவத்தை வாசகன்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை எங்கள் வட்டத்தில் இவற்றை வாசித்துக் காட்டினேன். சேமலாப நிதியம் பற்றிய பகுதியை வாசித்தபோது, வழக்கமாகப் பின்வரிசையில் கண்ணயர்ந்துவிடும் ஓர் ஓய்வு பெற்ற இலிகிதர் எழுந்து, தன் கணக்கில் அந்த ஆண்டு என்ன நடந்தது என்று கால்மணி நேரம் பேசினார்.

ஆகவே ஒரே பொருளை எடுக்கிறோம்: 'கடன் மறுசீரமைப்பும் ஓய்வுகாலச் சேமிப்பும்: கானாவும் இலங்கையும்'. நகரத்து மாணவன் சொன்ன முன்னுரையைத் தலைவரே ஏற்றுக்கொண்டார். தேயிலையை இதனோடு சேர்த்துச் சுருக்க மனம் வரவில்லை. அதற்கு அடுத்த மாதம் தனியாக ஒரு மாலை. ஹட்டன் பெண் அதில் பேச இணங்குவாரா என்பதை இங்கேயே தெரிவித்தால் உதவியாக இருக்கும். மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்யும் இளைஞர்களையும் அன்று அழைக்க விரும்புகிறோம். ஞாயிறு பிற்பகல் அவர்களுக்கு வசதிப்படுமா?

வரவேற்புரைக்கு ஐந்து நிமிடம், வாழ்த்துரை இல்லை, பொன்னாடை இல்லை என்று தீர்மானித்திருக்கிறோம். சென்ற ஆண்டு வாழ்த்துரை வழங்கிய மூவரிடமும் இதை யார் சொல்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.