புதுப்பிப்பு: மகளின் இதய ஓட்டை, மறு எக்கோ முடிவு

கைக்குழந்தையான என் மகளுக்கு இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருக்கிறது, அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்று முன்பு கேட்டிருந்தேன். மறு எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்தாகிவிட்டது. ஓட்டை சிறியது, சுவரின் தசைப்பகுதியில் இருக்கிறது. இந்த வகை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும் என்பதால் இப்போதைக்குக் கத்தியும் இல்லை, மருந்தும் இல்லை.

ஸ்டெதாஸ்கோப்பில் கேட்ட பலத்த இரைச்சல்தான் எங்களை அதிகம் மிரட்டியது. சிறு துளை வழியே இரத்தம் வேகமாகப் பீறிடுவதால் வரும் சத்தமாம் அது. ஓட்டை மிகப் பெரிதாக இருந்தால் இரைச்சல் குறைவாகவும் இருக்கலாமாம். பால் குடிக்கும்போது வியர்ப்பது, மூச்சு வாங்குவது, எடை ஏறாதது ஆகியவற்றைத்தான் கவனிக்கச் சொன்னார்கள். எடை நன்றாகவே ஏறுகிறது.

கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்ற பெரியம்மாவுக்கு, அது காரணமே இல்லை என்று மருத்துவரே பதில் சொல்லிவிட்டார். எனக்கு அதிலேயே பாதி நிம்மதி! அடுத்த எக்கோ ஆறு மாதம் கழித்து.