டிவிஷன் பிரிப்பு: மனசை விட்டுப் போகாத ஒரு ஆட்டம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் கான்ஃபரன்ஸ் என்ற அணிக்கூட்டத்தை இரண்டு டிவிஷனாகப் பிரிப்பார்கள், இரண்டிலும் முதலிடம் பெற்றவர்கள் இறுதி ஆட்டத்தில் மோதுவார்கள். அந்தப் பிரிப்பால் உங்கள் மனசை விட்டுப் போகாத ஆட்டம் எது?

வின்ஸ்டன்வாசி:
2019 செப்டம்பர் 13, வெள்ளி ராத்திரி. வேக் ஃபாரஸ்ட் 24, நார்த் கரோலினா 18. இரண்டும் 1953-இல் ஏசிசி கான்ஃபரன்ஸ் தொடங்கியபோதே இருந்த அணிகள். நடுவில் ஒன்றேகால் மணி நேர ரோடுதான். ஆனால் ஒன்று அட்லாண்டிக் டிவிஷன், மற்றது கோஸ்டல் டிவிஷன். ஆறு வருஷத்துக்கு ஒருமுறைதான் சந்திக்க முடியும். அதனால் கான்ஃபரன்ஸ் அட்டவணைக்கு வெளியே தாங்களாகவே பேசி வைத்துக்கொண்ட ஆட்டம் அது. மறுநாள் காலையில் வெற்றி தோல்விப் பட்டியலைத் திறந்தேன். வேக்: மொத்தம் 3-0, கான்ஃபரன்ஸில் 0-0. மூன்று தடவை புதுப்பித்துப் பார்த்தேன். அதே 0-0. பக்கத்து ஊர்க்காரனை ஜெயித்தும் கணக்கில் வரவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஆஸ்டின்08:
பிக் 12 கான்ஃபரன்ஸின் தெற்கு டிவிஷன், 2008. டெக்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் டெக், மூன்று அணிகளும் 7-1. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், பிசிஎஸ் என்ற தேசியத் தரவரிசையைப் பார்த்து ஓக்லஹோமாவை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். டெக்சாஸ்காரர்களான நாங்கள் அவர்களை டல்லாஸில் 45-35 என்று வென்றிருந்தோம். முடிவு வந்த ஞாயிறு சாயங்காலம் எதிர்வீட்டுப் பையன் வெளியே வந்தான். தன் பிக்கப் வண்டியின் பின்கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் 45-35 என்று எழுதினான். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டான். டிசம்பர் முழுக்க அது அழியவில்லை.

லபக்காரன்:
அண்ணன் 45-35-ஐ மட்டும் சொல்கிறார். 39-33-ஐ யார் சொல்வது? அதே வருஷம் நவம்பர் 1, டெக்சாஸ் டெக்கின் ஊரான லபக். எங்கள் வீரர் கிராப்ட்ரீ ஓரக்கோட்டில் பந்தைப் பிடித்து, ஒரு நொடி மிச்சம் இருக்கும்போது உள்ளே ஓடியதை நேரில் பார்த்தவன் நான். ஓக்லஹோமா எங்களை 65-21 என்று அடித்தது வாஸ்தவம். அதற்காக டெக்சாஸை நாங்கள் ஜெயித்தது இல்லாமல் போகுமா?

புதிதாகப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சீசன் தொடங்கும் முன்பே உங்கள் கான்ஃபரன்ஸின் சமநிலை விதியைப் படித்துவிடுங்கள். இரண்டு அணி சமம், அவை மோதியும் இருக்கின்றன என்றால் நேருக்கு நேர் முடிவே போதும். மூன்று அணி ஒன்றையொன்று சுற்றி வென்றிருந்தால் அது உதவாது. அப்புறம், டிவிஷன் உண்டா என்று பாருங்கள். இறுதி ஆட்டம் நடத்த டிவிஷன் வேண்டும் என்ற விதியை, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ 2022 மே மாதம் தளர்த்தியதும் பேக்-12 கான்ஃபரன்ஸ் உடனே டிவிஷனைக் கைவிட்டது. ஏசிசி 2023, எஸ்இசி, பிக் டென் கான்ஃபரன்ஸ்கள் 2024. டிவிஷன் இல்லாத இடத்தில் முதல் இரண்டு அணிகள் இறுதிக்குப் போகும். ஆனால் எல்லாரும் எல்லாரோடும் மோதுவதில்லை, அதனால் யார் யாரோடு ஆடவில்லை என்பதையும் குறித்து வையுங்கள்.

கொலம்பியா அக்கா:
விதியை யாரும் கேட்கவில்லையே தம்பி. என் கதை சின்னது. 2012-இல் எங்கள் மிசோரி எஸ்இசிக்கு வந்தது, கிழக்கு டிவிஷனில் போட்டார்கள். ஆபர்ன் மேற்கு. 2013 டிசம்பரில் இந்த இரண்டுக்கும்தான் இறுதி ஆட்டம். அட்லாண்டாவுக்குப் பத்து மணி நேரம் காரில் போனோம். பின்சீட்டில் எட்டு வயது மகள் மேப்பை மடியில் விரித்து, எங்கள் ஊரிலிருந்து ஆபர்ன் வரை விரலை இழுத்துப் பார்த்தாள். "அம்மா, நாமதானே மேற்கே இருக்கோம்?" அவள் அப்பா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. 59-42 என்று தோற்றோம். ஆபர்ன் ஓடியே 545 கஜம் எடுத்தது. எனக்கு நினைவில் நிற்பது அந்த விரல்தான்.

ஆஸ்டின்08:
லபக் தம்பி, 39-33 அந்தக் கண்ணாடியில் இல்லைதான். நீங்கள் கேட்டது நியாயம். அக்கா, 2008 இறுதியில் ஓக்லஹோமாவிடம் 62-21 வாங்கியதும் உங்கள் மிசோரிதான், அப்போது பிக் 12 வடக்கு டிவிஷன். எதிர்வீட்டுப் பையன் அந்த ஆட்டத்தை டிவியில் போடவே இல்லை. விளக்கை அணைத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தான்.