வலசை வாத்துகளுக்கு ‘மக்கள்தொகை’ எதற்கு?

வணக்கம்.

வலசைப் பறவை ஆய்வின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில், ‘விண்டரிங் பாப்புலேஷன்’ (ஓரிடத்துக்குக் குளிர்காலத்தைக் கழிக்க வரும் பறவைக் கூட்டம்) என்பதற்குச் சொல்லப்பட்ட ‘குளிர்கால மக்கள்தொகை’ எனக்கு ஒட்டவில்லை. வாத்தை மக்களாக்குவதுகூடப் பரவாயில்லை. ‘இனத்தொகை’ என்று மாற்றினால் தீர்ந்தது. ஆனால் தொகை என்றாலே எண்ணிக்கைதான் மனத்தில் வரும். நமக்கு வேண்டியதோ எந்தக் கூட்டம் என்று சுட்டும் சொல்.

பார்னக்கிள் வாத்தையே பாருங்கள். கூட்டை யாரும் பார்த்ததில்லை என்பதால், கடலோரக் கொட்டலசு என்னும் ஓட்டுயிரில் (ஆங்கிலத்தில் பார்னக்கிள்) இருந்து பிறக்கிறது என்று ஐரோப்பியர் ஒரு காலத்தில் நம்பிய வாத்து. கிழக்குக் கிரீன்லாந்தில் கூடு கட்டுபவை அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கும் வருகின்றன. நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் கூடு கட்டுபவை, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையில் உள்ள சால்வே கழிமுகத்துக்கு. ரஷ்ய ஆர்க்டிக்கில் கிளம்புபவை ஜெர்மனி, நெதர்லாந்துக் கரைகளுக்கு. கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். காலில் மாட்டிய வளையத்தின் எழுத்தைத் தொலைநோக்கியில் படித்துத்தான் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தார்கள். குஞ்சுகள் முதல் பயணத்தைத் தாய் தந்தையோடு சேர்ந்தே போவதால் வழி குடும்பச் சொத்து மாதிரி இறங்குகிறது. கூட்டங்களும் பெரிதாகக் கலப்பதில்லை. அதனால் என் ஓட்டு ‘கிளை’க்கு. சுற்றம் என்ற பழைய பொருளும் அதில் இருக்கிறது, ஓர் இனத்தில் இருந்து பிரிந்தது என்ற பொருளும் வருகிறது.

அப்புறம் ‘மைக்ரேட்டரி ஆரிஜின்’, அதாவது வலசை வந்த பறவை எங்கிருந்து கிளம்பியது என்பது. ‘வலசை மூலம்’ வேண்டவே வேண்டாம். “வாத்துகளின் வலசை மூலம் கண்டறியப்பட்டது” என்று எழுதினால், வலசையை வைத்து வேறு எதையோ கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது. மருத்துவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பதை விடுங்கள். ‘பொரிப்பகம்’ கோழிப்பண்ணைக்குப் போய்விடும். ‘பிறப்பிடம்’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் இறகு ஆய்வில் இடிக்கிறது. இறகில் உள்ள ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின் (எடையில் வேறுபடும் ஹைட்ரஜன் அணுவகைகளின்) விகிதம் காட்டுவது அந்த இறகு முளைத்த இடத்தை. வாத்துகள் கோடையில் சிறகின் பெரிய இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டு, மூன்று நான்கு வாரம் பறக்க முடியாமல் கிடக்கும். கூடு கட்டாத இளசுகள் இதற்கென்றே வேறு இடம் தேடிப் போவதும் உண்டு. அந்த இறகை வைத்துப் பிறந்த இடம் என்று எப்படி எழுதுவது?

கூடு கட்டுவது, இறகு உதிர்ப்பது இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘வேனிற்புலம்’ என்று வைக்கலாம். புலம்பெயர்தலில் இருக்கும் அதே புலம்தான். ‘கோடைப்புலம்’ என்றால் ஸ்வால்பார்டின் ஜூலையை நினைத்துச் சிரிப்பு வருகிறது. எதிர்முனைக்கு ‘குளிர்ப்புலம்’. வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன்: “சால்வேயைக் குளிர்ப்புலமாகக் கொண்ட கிளையின் வேனிற்புலம் ஸ்வால்பார்ட். 1940களின் இறுதியில் இக்கிளையின் தொகை சுமார் 300.” தொகையும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. 1980களில் இருந்து நெதர்லாந்திலேயே கூடு கட்டி, ஆண்டு முழுக்க அங்கேயே தங்கிவிடும் பார்னக்கிள் வாத்துகள் உண்டு. அவற்றுக்கு இரண்டு புலமும் ஒன்றே. ‘நிலைக்கிளை’ என்றால் மரத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. வேறு சொல் யாருக்காவது தோன்றுகிறதா?