தனுஷ்கோடி மணல்திட்டு: உருவான விதமும் பருவநிலையும்

கேள்வி: கடந்த மாதம் தனுஷ்கோடியின் கடைமுனையான அரிச்சல்முனைக்குச் சென்றிருந்தேன். இருபுறமும் கடல் சூழ்ந்த அம்மணல் நாக்கு எவ்வாறு நிலைத்து நிற்கிறது? 1964-க்கு முன் அங்கே ஊர் இருந்ததென்பது உண்மையா?

பதில் 1: உண்மைதான். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் செல்வது வழக்கமாயிருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் வரை வீசிய புயலில் ஊரும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் கடல்நீரில் மூழ்கின. பின்னர் அவ்விடம் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது; ஆயினும் மீனவர்கள் அங்கே குடிசை போட்டு வாழ்வதை விடவில்லை. தார்ச்சாலை 2017-இல்தான் முனை வரை வந்தது.

பதில் 2: மணலைப் பற்றிச் சொல்கிறேன். வடக்கே பாக் விரிகுடா ஆழமற்றது, பெரும்பாலும் அமைதியானது. தெற்கே மன்னார் வளைகுடா ஆழமும் அலையும் மிக்கது. எங்கள் ஊரார் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அழைப்பார்கள். தென்மேற்குப் பருவத்தில் ஒரு திசையில் நகரும் மணல் வடகிழக்குப் பருவத்தில் திரும்பி நகர்வதால், முனையின் வடிவம் ஆண்டுதோறும் மாறுகிறது. மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே. தென்மேற்குப் பருவத்தில் வறண்ட காற்றும் மணல் வீச்சும்தான் மிச்சம்.

பதில் 3: ஒரு சேர்க்கை: அங்கே மணலைச் சில அடி தோண்டினால் குடிநீர் ஊறும். மழைநீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் அதன்மேல் மிதந்து தங்குகிறது. அதிகம் இறைத்தால் உப்பேறிவிடும்.