கடலடியில குழாய் 'பதிக்கிறாங்களா'? எஸ்-லே, ஜே-லே, ரீல்-லேக்கு தமிழ்ச் சொல்

எல்லாருக்கும் வணக்கம்,

கடலடியில எண்ணெய், எரிவாயுக் குழாய கப்பல்ல இருந்து போடுற பைப்லேயிங்குக்கு "குழாய் பதித்தல்"னே வச்சு முடிச்சிரலாம்னு போன மடல்ல தம்பி எழுதியிருந்தார், பேப்பர்லயும் அப்படித்தான் வருது, ஆனா எனக்கு அங்கேயே இடிக்குது. பதிக்கிறதுன்னா தோண்டி உள்ள வைக்கிறது, இல்ல மோதிரத்துல கல்லு பதிக்கிற மாதிரி அழுத்தி உட்கார வைக்கிறது. கப்பல் அதைச் செய்யல. குழாய மேல இருந்து விட்டுக்கிட்டே போகுது, அது போய் கடல்தரை மேல படுத்துக்குது, அவ்வளவுதான். மீன்பிடி இழுவை மடியோ நங்கூரமோ மாட்டி இழுத்துரக் கூடாதுன்னா அப்புறமா வேற ஒரு மெஷின் வந்து பள்ளம் பறிச்சு குழாய உள்ள இறக்கும், அதுதான் பதிக்கிறது. ரெண்டு வேலைக்கும் ஒரே சொல்ல செலவழிச்சிட்டா நாளைக்கு டிரெஞ்சிங்குக்கு எங்க போய் நிக்கிறது?

என் யோசனை "பாவுதல்". கல் பாவுன தரைன்னு சொல்றோம்ல, அந்த பாவுதல். தரைக்கு மேல கிடக்குதுங்கிறது சொல்லுக்குள்ளயே இருக்கு.

அடுத்தது முறைகளோட பேரு. எஸ்-லேல 12 மீட்டர் குழாய்ங்கள கப்பல் தளத்துலயே படுக்க வச்சு வரிசையா வெல்டிங் பண்ணி, அல்ட்ராசவுண்டுல மூட்டு சரியான்னு பார்த்து, மேல பூச்சு பூசி, பின்பக்கமா விடுவாங்க. (பார்க்க குழாய்தான் பின்னால போற மாதிரி இருக்கும், நிஜத்துல குழாய் அங்கேயே நிக்குது, கப்பல்தான் அதுக்கு அடியில இருந்து நழுவி முன்னால போகுது. நான் குழாய் போடுற பார்ஜ்ல (தட்டையான வேலைக் கப்பல்) இருந்த முதல் வாரம் இது புரியாம தலை சுத்துச்சு.) கப்பலை விட்டு வெளிய வர்ற இடத்துல ஒரு வளைவு, தரைய தொடப் போற இடத்துல அதுக்கு எதிரா இன்னொரு வளைவு, அதான் எஸ். ஜே-லேல கோபுரம் மாதிரி நிமிர்ந்த சட்டத்துல குழாய செங்குத்தா நிறுத்தி இறக்குறதால மேல் வளைவே கிடையாது, கீழ ஒண்ணுதான்.

அதனால எழுத்த மொழிபெயர்க்க வேண்டாம், வளைவ எண்ணுவோம்: எஸ்-லே = இருவளைவு முறை, ஜே-லே = ஒருவளைவு முறை. மேல் வளைவுக்கு மேல்வளைவு, கீழ உள்ளதுக்கு தொய்வளைவு. கீழ இருக்கிறதுதான் ஆபத்தானது. கப்பல்ல குழாய இறுக்கிப் பிடிச்சிருக்கிற டென்ஷனர் கொஞ்சம் விட்டாலும் அந்த இடம் நெளிஞ்சு மடிஞ்சிரும். டென்ஷனருக்கு இழுபிடின்னு வைக்கலாமா?

"ட" எழுத்து ஜே-லே மாதிரியே இருக்கு, "ட-முறை"ன்னு வைப்போம்னு ஒருத்தர் சொன்னது ரசிச்சேன், நேரா இறங்கி தரையில படுக்குது, சரிதான். ஆனா எஸ்-க்கு நம்ம எழுத்துல ஜோடி கிடைக்கல.

அன்புடன்.

—

அண்ணா, பாவுதல் எனக்கு ஒத்து வரல. எங்க ஊர்ல பாவுறதுன்னா நாத்து பாவுறது, விதைய பரவலா தெளிக்கிறது. தளம் பாவுறதும் பரப்பா நிரப்புறதுதான். குழாய் ஒரே கோடு. கோடு மாதிரி போறதுக்கெல்லாம் நாம போடுறதுன்னுதான் சொல்றோம், ரோடு போடுறது, தண்டவாளம் போடுறது. எழுத்துல "இடுதல்". கோலமிடுறத பாருங்க, மேல இருந்து கையி நகர்ந்துக்கிட்டே மாவ விடுது, தரையில கோடு விழுது, யாராவது கோலம் பதிக்கிறோம்னு சொல்வாங்களா? குழாயிடல், குழாயிடு கப்பல். சின்னதா இருக்கு, வாயிலயும் நிக்குது.

ரீல்-லேக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே. கரையிலயே வெல்டிங் பண்ணி கிலோமீட்டர் கணக்குல பெரிய உருளையில சுத்தி எடுத்துட்டுப் போய் கடல்ல விடுறதுதானே அது? எங்க தோட்டத்துல சொட்டுநீர் டியூப் சுருளா வரும், அத உருட்டிக்கிட்டே போய் "விரிச்சு" விடுவாங்க. சுருள்விரிப்பு முறைன்னு வைங்க.

—

ரெண்டு பேருக்கும் ஒரு சிக்கல காட்டணும். ரீல் கப்பல்லயும் குழாய் பெரும்பாலும் சாய்வான சட்டம் வழியா ரொம்பச் சரிவாத்தான் இறங்குது, தண்ணிக்குள்ள பார்த்தா அதுவும் ஒருவளைவுதான்! எஸ், ஜே பேரெல்லாம் குழாயோட வடிவத்த வச்சு வந்தது, ரீல் மட்டும் கரையிலயே ஒட்டி உருளையில சுத்திட்டுப் போறத வச்சு வந்தது. இங்கிலீஷ்லயே அளவுகோல் கலங்கிக் கிடக்கு, நாம அத அப்படியே எடுத்தா நம்ம கலக்கமும் சேரும்.

அப்புறம் யாரோ ஜே-லேக்கு "ஆழ்கடல் முறை"ன்னு தனிமடல்ல எழுதியிருந்தாங்க. கருங்கடல்ல ரஷ்யாவுல இருந்து துருக்கிக்கு புளூ ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய் போட்டப்ப 2,150 மீட்டர் ஆழத்துக்கு சைபெம் 7000 கப்பல் ஜே முறையிலதான் போட்டது, சரி. ஆனா 2017-18ல அதே கடல்ல துருக் ஸ்ட்ரீம், ஆழம் 2,200 மீட்டர், பயனியரிங் ஸ்பிரிட்ங்கிற 382 மீட்டர் நீளக் கப்பல் எஸ் முறையிலயே போட்டு முடிச்சிருச்சு. இழுபிடிக்கு பலம் இருந்தா எஸ்-உம் ஆழத்துக்குப் போகும், அதுவும் வேகமா, ஏன்னா வெல்டிங் பல இடத்துல ஒரே நேரத்துல நடக்குது. ஜே-லே கோபுரத்துல இடம் எங்க இருக்கு, அதனாலதான் நாலு குழாய முன்னாடியே ஒட்டவச்சு 48 மீட்டரா தூக்கி நிறுத்துறாங்க.

—

முதல் மடல் எழுதினவன்தான் மறுபடியும். கோலம் என்னைய அடிச்சிருச்சு, பாவுதல வாபஸ் வாங்குறேன், குழாயிடல்னே போகட்டும். பதித்தல் டிரெஞ்சிங்குக்கு.

வடிவச் சிக்கலுக்கு, ரெண்டு கேள்வியா பிரிச்சிட்டா தீர்ந்துது. எங்க ஒட்டுறோம்: கப்பலொட்டு, கரையொட்டு. எப்படி இறங்குது: இருவளைவு, ஒருவளைவு. ரீல்-லே = கரையொட்டு ஒருவளைவுன்னு விளக்கத்துல எழுதிக்கலாம், கூப்பிட சுருள்விரிப்பு. ஆனா தங்கச்சி, டியூப்புக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. இரும்புக் குழாய் உருளையில சுத்தும்போது நிரந்தரமாவே வளைஞ்சிருது, விரிச்சா தானா நேராகாது, கப்பல்லயே எதிர்ப்பக்கம் வளைச்சு நிமிர்த்தி விடுற ஒரு கருவி உண்டு. ஸ்டிரெய்ட்னர். அதுக்கு "நிமிர்த்தி". ரொம்பப் பெரிய குழாய், கான்கிரீட் மேல்பூச்சு போட்ட குழாய் எல்லாம் சுருளுக்கு ஆகாது, பூச்சு விரிசல் விட்டுரும். பால்டிக் கடல்ல போட்ட 48 அங்குலம் நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய சுருட்ட முடியுமா என்ன.

இந்த சுருட்டுற யோசனை பழசு வேற. 1944ல நார்மண்டிப் படையெடுப்புக்கு பெட்ரோல் அனுப்ப இங்கிலீஷ் கால்வாய்ல பிரிட்டிஷ்காரங்க புளூட்டோ குழாய் போட்டப்ப, 3 அங்குல இரும்புக் குழாய மிதக்குற ராட்சச உருளையில சுத்தி இழுவைக் கப்பல் வச்சு இழுத்துக்கிட்டே போயிருக்காங்க. உருளைக்கு வச்ச பேரு கோனண்ட்ரம், அந்தச் சொல்லுக்கு விடுகதைன்னு அர்த்தம், உருளையோட கூம்பு முனைகளையும் பீப்பாயையும் சேர்த்து வச்ச சிலேடை. நாமளும் அந்த மாதிரி ஒண்ணு யோசிச்சிருக்கலாம், நான்தான் வளைவ எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

கரையில ஒட்டின குழாய அப்படியே கடல்ல இழுத்துட்டுப் போற டோ (tow) முறைக்கு "இழுத்துச்செல் முறை", அதுல தகராறு இல்லன்னு நெனைக்கிறேன். பாக்கி ஸ்டிங்கர். கப்பல் பின்பக்கம் நீட்டிக்கிட்டு குழாய தாங்குற வளைஞ்ச சட்டம். தயவுசெஞ்சு "கொடுக்கு"ன்னு யாரும் போடாதீங்க, அது கொட்டுறதில்ல, தாங்குது. "வால்தாங்கி"ன்னா கப்பலோட வால தாங்குற மாதிரி கேக்குது, "பின்தாங்கி"ன்னா ஏதோ சைக்கிள் கேரியர். சொல்லுங்க.